மூன்று மணித் தண்ணீர்

கழுத்தில் புது விசிலை மாட்டிக்கொண்டு விறைப்பாக நிற்கும் உங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நின்றேன். விசில் இருந்தால் போதும், நீச்சல்குளம் நம் பேச்சைக் கேட்கும் என்று ஒரு நினைப்பு. குளம் யார் பேச்சையும் கேட்காது. குளத்துக்குள் இருக்கும் பெண்கள் அதைவிடக் கேட்க மாட்டார்கள்.

மூழ்கியவரை எப்படி இழுத்து வருவது, எப்படி மூச்சு ஊதுவது, குளோரின் எவ்வளவு போடுவது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. வகுப்பில் வராத ஒரு கேள்வியைக் கேட்கிறேன். தண்ணீருக்குள் ஒருவர் அசைய முடியாமல் நிற்கிறார். ஆனால் மூழ்கவில்லை, தெளிவாகப் பேசுகிறார். கரையில் இருக்கும் அத்தனை பேரும் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அப்போது யார் பேச்சைக் கேட்பீர்கள்?

எனக்கு அந்தக் கேள்வியை வைத்தவர் ரெஜினா அக்கா. அவர் கதையை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்காதீர்கள். அழுமூஞ்சிகளைக் கண்டால் அவருக்கு ஆகாது.

எண்பதுகளின் கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மனமகிழ் மன்றம் இருந்தது. பெயர் வேண்டாம், விடுங்கள். அங்கே ஒரு நீச்சல்குளம் கட்டினார்கள். காலை நேரத்தை ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். மாலை நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மிச்சம் இருந்தது மதியம் இரண்டரை முதல் நான்கு வரை. மே மாதத்தில் அந்த நேரத்துக்குத் தாம்பரத்தில் காக்காய்கூட வெளியே வராது. யாருக்கும் வேண்டாத அந்த நேரத்துக்கு ‘லேடீஸ் அவர்’ என்று பெயர் வைத்து, பெண்களுக்கும் சம உரிமை கொடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

பெண்கள் குளிக்கும்போது ஆண் உயிர்காப்பாளர் நிற்கக் கூடாது. சுற்றுவட்டாரத்தில் நீச்சல் பதக்கத்தோடு வேலை இல்லாமல் இருந்த ஒரே பெண் நான். அஸ்தினாபுரத்திலிருந்து தினமும் சைக்கிளில் போவேன். எனக்குத் துணை ஏழுமலை. குளத்து மோட்டாரையும் வடிகட்டியையும் பார்த்துக்கொள்பவர். பெண்கள் நேரத்தில் அவர் மோட்டார் அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்பது விதி. நான் கூப்பிட்டால் வரலாம், ஆனால் வானத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். பாவம், அந்த வேலையில் இருந்த வருஷங்களில் அவர் பார்த்த மேகத்தை வானிலை ஆட்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நீச்சல் உடை என்பதெல்லாம் அப்போது எங்கள் பக்கம் கிடையாது. முதல் வாரத்தில் மன்றச் செயலாளரின் மனைவி கமலா அக்கா நைட்டியோடு இறங்கினார். நைட்டிக்குள் காற்று புகுந்து, அவரைச் சுற்றிப் பூப்போட்ட பந்தல் போல உப்பிக்கொண்டது. அவரால் மூழ்கவும் முடியவில்லை, நீந்தவும் முடியவில்லை. நான் பந்தலை அமுக்கி அமுக்கிக் கரை சேர்த்தேன். அன்றிலிருந்து நைட்டிக்குத் தடை. தாம்பரம் மார்க்கெட்டுத் தையல்காரர் ஒருவர் எல்லாருக்கும் முழங்கால் வரை ஒரே மாதிரி நீல உடை தைத்துக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் ரெஜினா அக்கா வந்தார். நாற்பது வயது இருக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர். சிட்லபாக்கத்து வீட்டிலிருந்து அவர் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். கையில் ஒரு ஊன்றுகோல். இடது காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடப்பார். வாசலில் இருந்த காவலாளி அவரைப் பார்த்துவிட்டு, “யாரைப் பாக்கணும்மா?” என்று கேட்டார்.

“குளத்தை.”

காவலாளி என்னைக் கூப்பிட்டார். நான் அவர் காலைப் பார்த்தேன், கோலைப் பார்த்தேன். அவரே சொன்னார்.

“மல்ட்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்னு பேரு. வாய்ல நுழையலன்னா விட்டுடு, டாக்டருக்கே எழுதித்தான் காட்ட முடிஞ்சுது. வயர் மேல ஒரு உறை இருக்கும்ல? என் நரம்புக்கு அது அங்கங்க உரிஞ்சு போச்சு. மூளை கால் பண்ணுது, கால் எடுக்க மாட்டேங்குது. சில நாள் எடுக்கும். சில நாள் ராங் நம்பருக்குப் போயிடும். கையெல்லாம் நல்லா இருக்கு. நீச்சல் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். போதுமா, இன்னும் எதாவது கேக்கணுமா?”

“போதும்க்கா,” என்றேன்.

கரையில் உட்கார்ந்து, கோலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கையை ஊன்றிச் சறுக்கி உள்ளே இறங்கினார். அவ்வளவுதான். கையை வீசி நீந்தினார் பாருங்கள், கால்கள் இரண்டும் மறுபேச்சில்லாமல் பின்னால் போயின. பந்தல் புகழ் கமலா அக்கா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மறுகரையைத் தொட்டுத் திரும்பி வந்த ரெஜினா அக்கா, முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

“எக்ஸ்சேஞ்சுல விழுந்திருக்கேன். தாம்பரம் ஸ்டேஷன் படியில விழுந்திருக்கேன். பஸ் ஸ்டாண்டுல விழுந்தப்ப ஒருத்தன், பட்டப்பகல்லயே தண்ணி போட்டுட்டு வந்திருக்கா பாருன்னான். தண்ணிக்குள்ள மட்டும்தான் நான் விழறதில்ல. நீ பாத்திருக்கியா, தண்ணிக்குள்ள யாராவது தடுக்கி விழுந்து?”

நான் பார்த்ததில்லை.

இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அவருக்கு ஓய்வு வேண்டும். கரையேறி இறங்குவது வீண் பாடு. அப்போதுதான் மோல்டட் பிளாஸ்டிக் நாற்காலிகள் கடைக்கு வந்திருந்தன. ஒன்றைத் தண்ணீருக்குள்ளேயே போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னேன். ஏழுமலை வானத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் கொண்டுவந்து போட்டார். நாற்காலி மிதந்து, மல்லாந்து, ஆழமான பக்கம் போய்விட்டது. செங்கல் கட்டிப் போட்டோம். ஒரு பக்கம் சாய்ந்து, ரெஜினா அக்காவையும் சேர்த்துக் கவிழ்த்தது. கடைசியில் நாலு காலிலும் சிமெண்டுக் கல் கட்டி, ஆழம் குறைந்த மூலையில், ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே நிறுத்தினோம். மதியம் முழுக்க அந்தக் குழாயிலிருந்து குளத்துக்குப் புதுத் தண்ணீர் கொட்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் குழாய்க்கு நேராகக் கொடுத்து, கண்ணை மூடிக்கொள்வார். “கோயில் யானைக்குக் குளிப்பாட்டு நடக்குது,” என்று கமலா அக்கா கேலி செய்வார். நானும் அதை விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மே மாதம். ஒரு நாள் சாயங்காலம் மன்றத்து ஆண்டு விழா வைத்திருந்தார்கள். யாரோ பெரிய மனிதர் சிறப்பு விருந்தினராக வருவதால் செயலாளருக்கு ஒரு வாரமாகக் கால் தரையில் படவில்லை. அன்று மதியமும் லேடீஸ் அவர் உண்டு. ரெஜினா அக்கா இறங்கினார். ஒரு சுற்று போனார். இரண்டாவது சுற்றில் பாதிக்கு மேல் கை மெதுவாகிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குதித்துப் பக்கத்தில் போனேன். தண்ணீர் கஞ்சிச் சூட்டில் இருந்தது. குழாயிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை.

“கோச்சு, லைன் போச்சு,” என்றார். இடுப்புக்குக் கீழே ஈரத் துணி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. “உன் மூஞ்சியும் ரெண்டா தெரியுது. ஒண்ணே ஜாஸ்தின்னு நெனச்சிட்டிருந்தேன்.”

குழாய் ஏன் நின்றது என்ற கதை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முந்தின வாரம் கமலா அக்கா மற்றப் பெண்களிடம், “எங்க மாமியாருக்கும் இதே மாதிரி கால்தான். வெந்நீர் ஊத்துனா போதும், எழுந்து நடப்பாங்க. இங்க பாரு, பச்சத்தண்ணி அவ மேலயே கொட்டுது,” என்று சொல்லியிருக்கிறார். மோட்டார் அறையில் ஏழுமலைக்கு அது கேட்டிருக்கிறது. நல்ல மனசு, என்ன செய்வது? அக்காவுக்கு வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்று இரண்டு நாளாகப் போர் தண்ணீரை நிறுத்தி, குளத்தை வெயிலில் காயவிட்டிருக்கிறார். விழா அமளியில் நானும் அதைக் கவனிக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

கரையில் கூச்சல் கிளம்பியது. “தூக்குங்க! வெளிய தூக்குங்க!” என்று கமலா அக்கா கத்தினார். எல்லாரும் சுவரோரம் வந்து கையை நீட்டினார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடமும் அதுதான். அசைய முடியாதவரை முதலில் தண்ணீரை விட்டு வெளியே எடு. அதைச் செய்தால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அவர் கைக்கடியில் என் கையைக் கொடுத்தும்விட்டேன். ஆனால் அவர் முகம் எனக்குப் பக்கத்தில் இருந்தது. அது மூழ்குகிறவர் முகம் இல்லை. ஏதோ சொல்லக் காத்திருப்பவர் முகம்.

“அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டேன்.

“வெளிய எடுத்துடாத. அந்தச் சிமெண்டுத் தரையில போட்டா நான் அப்பளம். சூடு ஏறினாதான் எனக்கு லைன் கட்டாகும். குளிரக் குடு. குளிர்ந்தா தானா வரும்.”

“உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“பதினோரு வருஷமா இந்த ஒடம்புக்குள்ளதான்டி குடியிருக்கேன்.”

பிள்ளைகளே, அந்த இடத்தில் என் நிலையை யோசித்துப் பாருங்கள். உள்ளேயே வைத்திருந்து ஏதாவது ஆகிவிட்டால் வேலை போவது இருக்கட்டும், என் மனசாட்சி என்னைச் சும்மா விடாது. ஆனால் அவர் மூச்சு சீராக இருந்தது. பேச்சில் குளறல் இல்லை. வெளியே தரை அடுப்புக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தது. நான் அவரை நம்பினேன். “யாரும் தொடாதீங்க!” என்று கத்திவிட்டு, அவர் தலையை என் தோளில் சாய்த்து, மல்லாக்க மிதக்கவிட்டு, நிழல் விழுந்திருந்த நாற்காலி மூலைக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தேன். பின்னாலிருந்து தாங்கிக்கொண்டே குரல் கொடுத்தேன்.

“ஏழுமலை! போர் தண்ணியத் திற!”

மோட்டார் அறைக்குள்ளிருந்து பதில் வந்தது. “யக்கா, கரண்டு இல்லக்கா! கட்டாயி ஒரு அவர் ஆவுது!”

“ஐஸ் எங்கயாவது இருக்கா?”

“ஹால்ல கீதுக்கா. மரத்தூள் போட்டு நாலு பார் வந்து எறங்கிகீது. ஆனா அது சீப் கெஸ்ட்டுக்காச்சே! ரோஸ்மில்க்குக்கு வச்சிகிறாங்க!”

“சீஃப் கெஸ்ட் இங்க தண்ணிக்குள்ள உக்காந்திருக்காங்க. எடுத்துட்டு வா!”

வந்தார். தோளில் கோணி சுற்றிய ஐஸ் பார், கண் வானத்தில். நேராக நடந்து வந்து குளத்துக்குள் கால் வைத்துவிட்டார். ஐஸும் அவரும் சேர்ந்து விழுந்தார்கள். தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தபோதும் மனிதர் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார். “யக்கா, நா ஒண்ணியும் பாக்கலக்கா!”

“ஏழுமலை, கீழ பாத்து நட, பரவாயில்ல,” என்றார் ரெஜினா அக்கா. “செத்தாலும் வெக்கப்படுவியா நீ?”

பெண்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஐஸை உடைத்துத் துண்டில் சுற்றி, கழுத்தில், கையில், முழங்காலுக்குப் பின்னால் வைத்தோம். மிச்சத்தை நாற்காலியைச் சுற்றி மிதக்கவிட்டோம். கொஞ்ச நேரத்தில் பயம் போய் விளையாட்டு வந்துவிட்டது. ஒருவர் சட்டைக்குள் இன்னொருவர் ஐஸ் போட, ஒரே கூத்து. கமலா அக்கா மட்டும் ரெஜினா அக்காவின் காலைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு, அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வரவில்லை. நான் எடுத்த முடிவு சரிதானா என்று அந்தக் கால்தான் சொல்ல வேண்டும்.

அரை மணி நேரம் போயிருக்கும். “கட்டைவிரல் ஹலோ சொல்லுது,” என்றார். பிறகு பாதம். பிறகு முழங்கால். நான்கு மணி தாண்டியதும் அவரே ஏணியைப் பிடித்துப் படிப்படியாக ஏறினார். நான் பின்னால் கை கொடுத்துக்கொண்டு ஏறினேன். பெண்கள் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலைக் கேட்டுத்தான் செயலாளர் எட்டிப் பார்த்தார். குளம் முழுக்க மரத்தூள். ஹாலில் ஐஸ் இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லப்பட்ட அம்மாள் ஏணியில் ஏறி வந்துகொண்டிருக்கிறார். அன்று சாயங்காலம் சிறப்பு விருந்தினர் வெதுவெதுப்பான ரோஸ்மில்க்கை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். செயலாளர் அதை ஒருபோதும் மறக்கவில்லை.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“நேத்து அந்தம்மாவால நகரவே முடியலன்னு சொன்னீங்க. அரை அவர்ல ஏணி ஏறி வர்றாங்க. என் கண்ணால பார்த்தேன். என்னம்மா இது, டிராமாவா?”

“சார், அந்த வியாதி அப்படித்தான். சூட்டுல கால் போயிடும், குளிர்ந்தா வரும். அவங்கள மட்டும் காலைல விட்டீங்கன்னா ஒரு பிரச்சினையும் வராது. அப்ப தண்ணி ஜில்லுனு இருக்கும்.”

“காலைல ஜென்ட்ஸ் டைம். அத மாத்த முடியாது. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? நடிப்போ நிஜமோ, இனிமே அவங்க குளத்துல இறங்க வேணாம். சொல்லிடுங்க.”

சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சிட்லபாக்கத்துக்கு சைக்கிளை மிதித்தேன். ரெஜினா அக்கா கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு டேபிள் ஃபேன் முன்னால் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தையை மட்டும் விழுங்கப் பார்த்தேன். அவர் விடவில்லை.

“நடிக்கிறேன்னாரா?”

நான் தலையை ஆட்டினேன். அவர் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“நடிக்கத்தான் செய்றேன். ஆபீஸ்ல நல்லா இருக்கிற மாதிரி நடிக்கிறேன். வீட்டுல வலிக்காத மாதிரி நடிக்கிறேன். காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் அதே வேலை. குளத்துக்குள்ள போனா மட்டும்தான் நடிக்கிறதில்ல.” துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். “சரி, நீ போ. உன் வேலைக்கு ஒண்ணும் வரலியே?”

என் வேலையைப் பற்றிக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பும் வழியில் ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்தி அழுதேன். பிறகு கோபம் வந்தது. நேராகக் கமலா அக்கா வீட்டுக்குப் போய், செயலாளர் இல்லாத நேரம் பார்த்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெந்நீர் யோசனை அவருடையது அல்லவா? கேட்டு முடித்ததும், “திங்கக்கிழமை காலைல ஏழரை மணிக்கு ரெஜினாவ வரச் சொல்லு. நீ ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா நின்னா போதும்,” என்றார்.

காலை ஆறு மணி ஆண்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஏழெட்டுப் பேர். எல்லாரும் பெரிய உத்தியோகம். ஒருவரும் நீந்த மாட்டார்கள். ஆழம் குறைந்த பக்கத்தில் அரை டிராயரோடு வட்டமாக நின்று நாட்டு நடப்பு பேசுவார்கள். பேச்சு அடங்கியதும் கரையேறி, துண்டைக் கட்டி, வீட்டுக்கு ஓடி, ஏழரை மணி வண்டியைப் பிடித்து ஆபீஸ் போவார்கள்.

அந்தத் திங்கட்கிழமை அவர்கள் பேச்சில் மும்முரமாக இருந்தபோது, வாசல் வழியாகப் பெண்கள் வந்தார்கள். கையில் கூடை, பிளாஸ்கு, நீல உடை. ஏணிக்கு எதிரே இருந்த பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆண்களின் துண்டெல்லாம் அந்த பெஞ்சில்தான் இருந்தன. பெண்கள் அவற்றை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, காபியை ஊற்றிக் குடிக்க ஆரம்பித்தார்கள். தண்ணீருக்குள் இருந்த வட்டம் மெல்ல மெல்லக் குனிந்து, கழுத்தளவுக்குப் போனது.

“கமலா! என்ன இது?” என்றார் செயலாளர். தலை மட்டும்தான் தெரிந்தது.

“மதியம் தண்ணி சூடா இருக்குங்க. அதான் காலைலயே வந்துட்டோம்.”

“நாங்க வெளிய வரணும்ல?”

“வாங்களேன். யாரு பிடிச்சு வச்சிருக்கா?”

யாரும் வரவில்லை. பேச்சும் நின்றுவிட்டது. ஏழுமலை எனக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்தார். “யக்கா, இன்னாக்கா இது? எல்லா சாரும் ஊறுகா ஆயிடுவாங்க போலகீதே!” வெகுநேரம் ஆயிற்று. விரல் நுனியெல்லாம் சுருங்கி, உதடு வெளுத்துவிட்டது. தூரத்தில் ரயில் ஊதியது. ஒருவர், “என் டிரெய்ன்!” என்று முனகினார்.

அப்போதுதான் ரெஜினா அக்கா வந்தார். கோலை ஊன்றிக் கரை ஓரமாக நடந்து, செயலாளருக்கு நேராக வந்து நின்றார். பெண்கள் எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். இப்போது கொடுப்பார் ஒரு குத்து என்று நானும் காத்திருந்தேன்.

“ஏன் சார், ஏற முடியலியா?”

“முடியலம்மா,” என்றார் அவர் தண்ணீரைப் பார்த்தபடி.

“ஏணி இங்கதான் இருக்கு. கை கால் நல்லாத்தான் இருக்கு. பாக்கிறவங்களுக்குப் புரியாது. முடியலன்னா முடியலதான் சார்.” குரலில் கேலியே இல்லை. “உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க.”

செயலாளர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“துண்டு,” என்றார்.

“முதல்ல காலை நேரத்தைக் குடுக்கச் சொல்லு, அப்புறம் துண்டு!” என்று கமலா அக்கா பெஞ்சிலிருந்து கத்தினார். ரெஜினா அக்கா காதில் வாங்கவில்லை. பெஞ்சுக்குப் போய், துண்டை எடுத்து, ஒரு கையில் கோலும் ஒரு கையில் துண்டுமாகத் தேய்த்துத் தேய்த்துத் திரும்ப வந்து, குனிந்து அவரிடம் கொடுத்தார். குனியும்போது தள்ளாடினார். செயலாளர் தண்ணீருக்குள்ளிருந்து கையை உயர்த்தி அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். பெண்கள் தாங்களாகவே எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள்.

துண்டைக் கட்டிக்கொண்டு கரையேறியவர், என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். “வாரத்துல மூணு நாள் காலைல லேடீஸ் டைம். இன்னிலேர்ந்து.” அன்றைய வண்டியை அவர்கள் யாரும் பிடிக்கவில்லை.

அதன்பிறகு ரெஜினா அக்காவுக்குக் குறை இல்லை. மார்கழிக் காலையில் மற்றப் பெண்கள் பல்லைக் கிட்டித்துக்கொண்டு கரையில் நிற்கும்போது, அவர் மட்டும் நடுக்குளத்தில் மல்லாந்து படுத்து, “வாங்கடி, சொர்க்கம் மாதிரி இருக்கு!” என்று கூப்பிடுவார். வியாதி நிற்கவில்லை. இரண்டு கோலாகி, தொண்ணூறுகளின் பாதியில் சக்கர நாற்காலி ஆனது. கை வீச்சும் குறைந்தது. இறங்கும் முறையை நாங்கள் மாற்றிக்கொண்டே இருந்தோம். நானும் கமலா அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கிவிடுவோம். நீந்த முடியாத நாளில் மிதப்பார். மிதக்க முடியாத நாளில் கல் கட்டிய நாற்காலியில், குழாய்க்குக் கீழே உட்கார்ந்து அரட்டை அடிப்பார். ஒவ்வொரு நாளும் இறக்குவதற்கு முன்னால், “இன்னிக்கு என்ன வேணும்க்கா?” என்று கேட்பேன். ஒரு நாள் சொன்ன பதிலை மறுநாள் சொன்னதில்லை.

செயலாளரும் ஓய்வு பெற்றார். முட்டி இரண்டும் தேய்ந்துபோய், மாடிப்படியைக் கண்டால் பயப்படும் நிலைக்கு வந்தார். ஒருநாள் வாசலில் நின்று, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“டாக்டர் தண்ணில நின்னு காலை ஆட்டச் சொல்றார்மா. ரொம்ப நேரம் நிக்க முடியல. அந்த நாற்காலி இருக்கே... அது எனக்குக் கிடைக்குமா?”

“அது ரெஜினா அக்காவோடது சார். கேட்டுச் சொல்றேன்.”

ரெஜினா அக்கா குழாய்த் தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

“குடு. ஆனா மத்தியானம் மூணு மணிக்கு வரச் சொல்லு.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “என்னக்கா, இத்தனை வருஷம் கழிச்சுப் பழி வாங்குறீங்களா?”

“சீ, போடி! முட்டித் தேய்மானத்துக்குச் சூடுதான் நல்லது. இந்த ஐஸ் தண்ணில அவர உக்கார வச்சா முட்டி இறுகிடும். நம்பலன்னா அவரையே கேளு.”

கேட்டேன். வந்தார். மே மாத வெயிலில், பெண்கள் காலைக்கு மாறியதிலிருந்து ஒரு காக்காய்கூட இல்லாத நேரத்தில், வெதுவெதுவென்றிருந்த தண்ணீருக்குள் கழுத்துவரை இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். காலை மெல்ல நீட்டினார், மடக்கினார். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு, “அம்மாடி!” என்றார்.

யாருக்கும் வேண்டாத நேரம் என்று எல்லாரும் ஒதுக்கிவைத்திருந்த அந்த மூன்று மணிக்கு, அதன்பிறகு அவர் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.